ப்ளஸ் டூ இங்கிலீஷ்ல நம்ம பசங்க மார்க்க விடுற எடங்க

தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டை மாடில சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ப்ளஸ் டூ பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன். போன வருஷம் ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணுதான், தோரு தத் எழுதுன 'அவர் கேஷுரினா ட்ரீ' பாட்டுக்கு பதில கடகடன்னு ஒப்பிச்சுது, ஒரு எடத்துல கூட தடுக்கல. சரிம்மா, கேஷுரினான்னா இன்னா மரம்னு கேட்டேன், முழிக்குது. அந்த நேரம் பாத்து கீழ தெருவுல யாரோ காதுகுத்துக்கு பந்தல் போட கட்டை இறக்கிட்டு இருந்தாங்க. எட்டிப்பாரு, அந்த சவுக்குதான் உன் கேஷுரினான்னேன். "இதுவா சார்!"ன்னு அப்படியே நின்னுட்டா.

முதல் தப்பு இதுதான், எல்லாத்துலயும் பெரிய தப்பும் இதுதான். பாட்ட படிக்கிறதுக்கு முன்னாடியே கைடுல பதில படிச்சுடுறது. மரம் அழகா இருக்கு, அதனால கவிஞருக்கு புடிக்கும்னு அந்த பொண்ணு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்துச்சு. ஆனா பாட்டுல தோரு தத் நேர் எதிரா சொல்றாங்க, இந்த மரம் கம்பீரமா இருக்குறதால எனக்கு உசுருன்னு நெனைக்காதீங்க, இதுக்கு கீழ நாங்க சேந்து விளையாடுனோமே, அதுக்காகத்தான்னு. கூட விளையாடுன அண்ணனும் அக்காவும் அவங்களுக்கு முன்னாடியே செத்துட்டாங்க, தோரு தத்தும் 1877ல 21 வயசுல போயிட்டாங்க. இது தெரிஞ்சு அந்த வரிய ஒருக்கா படிச்சா மறக்கவே மறக்காது, ஒப்பிக்கவும் வேணாம். அதனால பாட்ட மொதல்ல ரெண்டு வாட்டி வாய் விட்டு படி, தெரியாத வார்த்தைக்கு தமிழ்ல என்னன்னு பக்கத்துல பென்சில்ல எழுது, கைட அப்புறம் தொடு.

அடுத்தது பாட்டுல பேசுற ஆளையும் எழுதுன ஆளையும் ஒண்ணாக்குறது. டென்னிசன் எழுதுன 'யுலிஸஸ்' பாட்டுக்கு பதில் எழுதச் சொன்னா "டென்னிசன் ஒரு வயசான ராஜா, அவருக்கு மறுபடி கடல்ல போக ஆசை"ன்னு எழுதி வெக்கிறாங்க. அத எழுதுறப்ப டென்னிசனுக்கு வயசு 24! நெருங்குன ஃப்ரெண்டு செத்துப்போன துக்கத்துல, கிழட்டு ராஜா ஒருத்தன் வாயால பேச வெச்சிருக்காரு. அதே மாதிரி 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்'ன்றது ஷேக்ஸ்பியர் நாடகம் ஒண்ணுல ஜேக்விஸ்ன்ற கேரக்டர் பேசுற வசனம். ஸ்பீக்கர் யாருன்னு கேட்டா ஷேக்ஸ்பியர்னு எழுதாத.

சிமிலி, மெட்டஃபர் குழப்பம் ஏன் வருதுன்னே எனக்கு புரியல. தமிழ் பேப்பர்ல மதிமுகம் உவமை, முகமதி உருவகம்னு கரெக்டா எழுதுறான், அதே பையன் இங்கிலீஷ்ல கோட்டை விடுறான். சவுக்கு மரத்த சுத்துற கொடி மலைப்பாம்பு மாதிரி இருக்குன்னா, அந்த 'மாதிரி' வந்ததால அது சிமிலி. உலகமே நாடக மேடைன்னு 'மாதிரி' இல்லாம சொன்னா மெட்டஃபர். அவ்ளோதான் மேட்டர்.

இப்ப எஸ்ஸே. மொத்தம் 90 மார்க் பேப்பர்ல அஞ்சு மார்க் கேள்விங்க மட்டுமே 35 மார்க், இதுலதான் "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்"னு ஆரம்பிச்சு ஒரு பக்கத்த வீணாக்குறாங்க. பொல்யூஷன் பத்தி எழுதச் சொன்னேன், வந்த நோட்டுல பாதிக்கு மேல டெல்லி புகையும் தாஜ்மஹால் மஞ்சளாவுறதும்தான். டேய், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் ஆத்துல எண்ணெய் கலந்துச்சே, உங்க மாமா படகெல்லாம் கறுப்பாச்சே, அத எழுதேன்டான்னேன். "அதெல்லாம் எழுதலாமா சார்?"ங்கிறான். அதத்தான்டா எழுதணும்! பேப்பர் திருத்துறவங்க ஒரே தாஜ்மஹால எத்தன வாட்டிதான் படிப்பாங்க, நீ கண்ணால பாத்தத நாலு சின்ன வாக்கியத்துல எழுதுனா அவங்க கண்ணு அங்க நிக்கும். ஒரு பத்திக்கு ஒரு விஷயம், அதுக்கு ஒரு உதாரணம், போதும். அடிஷனல் ஷீட் எண்ணிக்கைக்கு யாரும் மார்க் போடுறதில்ல.

கிராமர்ல வர்ற தப்பு முக்காவாசி தமிழ்ல யோசிச்சு அப்படியே எறக்குறதாலதான். "எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க"ன்றது "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்"னு வருது, "ஐ ஹேவ்" போதும். 'பத்தி பேசுறோம்'னு யோசிச்சு "டிஸ்கஸ் அபௌட்"னு எழுதுறாங்க, அங்க அபௌட் வேணாம். "மழை பேஞ்சாலும் ஆனா வந்தான்"ன்னு தமிழ்ல கூட யாரும் பேசமாட்டோம், இங்கிலீஷ்ல மட்டும் 'ஆல்தோ' போட்டுட்டு நடுவுல ஒரு 'பட்' வேற சொருகுறாங்க, ஏன்னு கேட்டா தெர்ல சார்ங்கிறாங்க. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்"னு எழுதுனா கடைசில எஸ் எங்கன்னு பாரு.

அப்புறம் பரிட்சைல மொத 10 நிமிஷம் கேள்வித்தாள் படிக்க குடுக்குறாங்க. அத வெச்சு எந்த பாட்டு கேள்விய எழுதப்போறேன்னு முடிவு பண்ணாம, ஹால்ல முன்னாடி உக்காந்திருக்கவன் முதுக பாத்துட்டு இருக்காங்க. கடைசி அஞ்சு நிமிஷம் எஸ்ஸேவ திரும்பப் படிக்க வெச்சுக்கோ, வார்த்தை கடைசில எஸ்ஸும் ஈடியும் விட்டுப்போனது அப்பத்தான் கண்ணுல படும்.