சின்ன வேனைப் படுக்கை வேனாக்கும்போது கொழும்பில் செய்யக் கூடாத தவறுகள்

கேம்பர் வேன் செய்வது எப்படி என்று யூடியூபில் தேடினால் வருபவை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடியோக்கள். ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய வேன், சுவரெல்லாம் கண்ணாடிக் கம்பளி, அதன் மேல் பலகை, உள்ளே ஹீட்டர். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளவத்தையில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் நிற்கிற சுசுகி எவ்ரிக்கு அதில் பாதி பொருந்தாது, மீதிப் பாதி கெடுதல் செய்யும். இங்கே சொந்தமாக வேலையில் இறங்குகிறவர்கள் விடும் பிழைகளில் பெரும்பாலானவை, தேவைக்கு மேல் செய்வதால் வருபவை. நமக்கு வேன் சின்னது, வெக்கை அதிகம், காற்றில் உப்பு. நாடும் சின்னதுதான். யாழ்ப்பாணமே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்க ஓர் இடம் கிடைத்தால் போதும், வீடு கட்டத் தேவையில்லை.

வாங்கும்போது மேலே பார்ப்பது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டிலிருந்த வேன்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கத் தரை விரிப்பை, அதாவது மெட்டை, தூக்கித் தகரத்தைப் பாருங்கள். சக்கரக் கிண்ணத்தின் ஓரம், ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளம், பின்கதவின் அடி மடிப்பு, இந்த மூன்றும்தான் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள். மீன் ஏற்றிய வேன் என்றால் வாடையை எப்படியாவது போக்கிவிடலாம். உப்புத் தண்ணீர் தகர மடிப்புக்குள் இறங்கியிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை.

துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் பலகை. இந்த வரிசையை மாற்றி, "முதலில் பலகையைப் போட்டுவிடுவோம், துருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தால், அந்தப் பிறகு வரவே வராது. பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதவுகளின் அடியிலும் பக்கச் சட்டத்திலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஸ்பஞ்ச், சீலன்ட் என்று எதையாவது அடைத்து அவற்றை மூடிவிடாதீர்கள்.

புக்கை மறந்துவிட்டுச் சீட்டைக் கழற்றுவது

வாகனத்தின் பதிவுச் சான்றிதழில், நாம் புக் என்று சொல்வதில், அதன் வகையும் இருக்கைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். அந்த விவரங்களை மாற்றுகிற வேலை எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்து அனுமதி பெற்றே செய்ய வேண்டும். சீட்டை நிரந்தரமாக எடுப்பது இதில் அடங்கும். கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கத்தில் புதிய ஜன்னல் வைப்பது என்றாலும் முதலில் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்கும்போதுதான் தலைவலியாகும்.

சின்ன வேனுக்கு நான் சொல்லும் வழி எளிது. கழற்றிப் பூட்டக்கூடிய பெட்டிகளாகச் செய்யுங்கள். பின் சீட்டை மடித்தால் கிடைக்கும் தட்டையான தளத்தின் மேல் இரண்டு அல்லது மூன்று பலகைப் பெட்டி, அவற்றின் மேல் மடிப்பு மெத்தை. பெட்டிகளை ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளிலோ கொளுவிகளிலோ பட்டியால் இறுக்கிவிடலாம். சும்மா வைத்துவிட்டு ஓடினால், திடீர் பிரேக்கில் அந்தப் பெட்டி உங்கள் முதுகுக்கு வரும். திங்கட்கிழமை பெட்டியை இறக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகலாம். விற்கும்போதும் வேன் வேனாகவே இருக்கும்.

கட்டிலின் உயரம்

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எவ்ரி போன்ற 660 சீசீ வேன்களுக்கு ஜப்பான் விதித்த எல்லை 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். அது வெளி அளவு. உள்ளே நீளம் ஆறடிக்குச் சற்று மேல் தேறும், அகலம் நாலடி சொச்சம். குறுக்கே யாரும் படுக்க முடியாது, நீளவாட்டில்தான். தளத்திலிருந்து கூரைக்கு ஏறக்குறைய 1.2 மீற்றர். வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார 85 முதல் 90 சென்ரிமீற்றர் வேண்டும். மெத்தைக்கு 8 சென்ரிமீற்றர் கழித்தால், கட்டிலின் உயரம் 22 முதல் 27 சென்ரிமீற்றருக்குள், அதாவது ஓர் அடிக்கும் குறைவாக, இருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. "கீழே சாமான் வைக்க இடம் வேண்டும்" என்று ஒன்றரை அடிக்கு உயர்த்தினால் மழை நாளில் ஊர்ந்துகொண்டே உடுப்பு மாற்ற வேண்டியதுதான். கூரையில் பலகை அடித்தால் இன்னும் இரண்டு அங்குலம் போகும்.

இன்னொன்று. எவ்ரி, பழைய டவுன்ஏஸ், ஹயஸ் எல்லாவற்றிலும் எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். அந்த மூடியைத் திறக்க முடியாதபடி கட்டிலை முன்னால் நீட்டிப் பூட்டினால், வழியில் எஞ்சின் சூடேறும்போது எல்லாவற்றையும் வீதியில் இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

பாரம்

சரக்கு வகை எவ்ரிக்கு, இருவர் மட்டும் போகும்போது, ஏற்றக்கூடிய பாரம் 350 கிலோ. இப்போது கூட்டிப் பாருங்கள். 18 மில்லிமீற்றர் பிளைவுட் ஷீட் ஒன்று 30 கிலோ வரும். நாலு ஷீட் போட்டால் 120. இரும்புச் சட்டம் 50, மெத்தை 20, ஈயப் பற்றரி 30, குளிர்பெட்டி 20, தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ. பை, பாத்திரம், அடுப்பு, கூரைக் கம்பி எல்லாம் சேர்த்து 70. கணக்கு முடிந்தது, எல்லையும் முடிந்தது. மூன்றாவது ஆள் ஏறினால் மீறிவிட்டது. அதுவும் புதிய ஸ்பிரிங்குக்குச் சொன்ன எல்லை.

மொரட்டுவையில் பலகை வாங்கும்போது மர பாஸ் (தச்சர்), "அண்ணன், பதினெட்டு எம்எம் போட்டால் யானை ஏறினாலும் ஒன்றும் ஆகாது" என்பார். யானை ஏறப் போவதில்லை. குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்தால் 9 மில்லிமீற்றர் பிளைவுட்டே மனிதரைத் தாங்கும், பாரமும் பாதி. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு என்று போனால் அது இன்னும் பாரம், கொழும்பு ஈரக்காற்றில் ஓரங்கள் ஊதிப் பிளக்கும். தேக்கு அழகு, ஆனால் அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரம் கொழும்பின் சமதரையில் தெரியாது, கடுகண்ணாவை மலையேற்றத்தில் தெரியும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில். ஏறும்போது எஞ்சின் முக்கும், அவ்வளவுதான். ஆபத்து இறங்கும்போது. றம்பொடைப் பக்கம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடி தளரும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். ரயர் மாற்றும்போது கார் ரயரைப் போட்டுவிடாதீர்கள், பாரம் தாங்கும் சரக்கு ரயர்தான் இதற்கு. வேலை முடிந்ததும் எல்லாச் சாமானையும் ஏற்றி, நிறுவைப் பாலம் உள்ள பழைய இரும்பு வியாபாரியிடம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

வெக்கையும் வேர்வையும்

குளிர்நாட்டு வீடியோக்கள் நம்மை அதிகம் ஏமாற்றுவது இதில்தான். அங்கே உள்ளே உள்ள சூட்டை வெளியே விடாமல் தடுப்பது நோக்கம். இங்கே பகலில் தகரக் கூரை வெயிலில் 60 பாகைக்கு மேல் கொதிக்கும், இரவிலும் காற்று ஈரமாகவே இருக்கும். கண்ணாடிக் கம்பளியை உள்ளே அடைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும். தண்ணீர் ஏறாத மூடிய துளை ஸ்பஞ்ச் ஷீட்டை, கூரைக்கு மட்டும், இடைவெளி இல்லாமல் ஒட்டினால் போதும். மழைச் சத்தமும் குறையும். வெள்ளி நிறப் பளபளப்பு ஷீட்டைத் தகரத்தோடு நேரடியாக ஒட்டுகிறவர்கள் உண்டு. அது வேலை செய்ய ஒரு பக்கம் காற்று இடைவெளி வேண்டும். இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் அது வெறும் அலங்காரம். அதே ஷீட்டை வெட்டிக் கண்ணாடிகளுக்கு மறைப்பாக வைத்தால் நல்ல பலன் தரும்.

ஆனால் காற்றோட்டம் இல்லாமல் இவை எதுவும் உதவாது. இருவர் மூடிய வேனுக்குள் ஓர் இரவு மூச்சுவிட்டால் ஏறக்குறைய அரை லீற்றர் தண்ணீர் காற்றில் சேரும். காலையில் கண்ணாடியில் ஓடுவதும், தும்பு மெத்தையின் அடியில் பூஞ்சணமாக வருவதும் அதுதான். இரு பக்கமும் ஒவ்வொரு ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். மழை உள்ளே வராமலிருக்கக் கண்ணாடிக்கு மேலே பூட்டும் பிளாஸ்டிக் வைசர் போதும். நுளம்பு வலையைக் காந்தப் பட்டியால் ஒட்டும்படி தைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் விடியலிலும் அந்தியிலும் அதிகம் என்பதால், "ராத்திரிக்கு மட்டும் வலை" என்பது போதாது. மெத்தையின் அடியில் காற்றுப் போகப் பலகையில் துளைகள் போடுங்கள். ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் தூக்கம் வேறு மாதிரி இருக்கும்.

கூரையை வெட்டி ஃபேன் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை என்று இருக்கிற ஊரில் கூரையில் ஓட்டை போடுமுன் நன்றாக யோசியுங்கள். போட்டே ஆக வேண்டுமானால், புளிப்பு வாடை அடிக்கும் மலிவு சிலிக்கோனைத் தொடாதீர்கள். அது வெட்டிய தகர விளிம்பை அரிக்கும். பொலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள், வெட்டிய ஓரத்துக்கு முதலில் பிரைமர் அடியுங்கள்.

மின்சாரம்

முதல் பிழை, வேனின் ஸ்டார்ட் பற்றரியிலிருந்தே ஃபேனையும் லைட்டையும் ஓட்டுவது. காலையில் ஸ்டார்ட் வராது. இரண்டாவது பற்றரி தனியாக வேண்டும். 2022இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்ட நாட்களில் இன்வேட்டர் பற்றரி வாங்கிய வீடுகள் பல. "சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்று மாமா ஒருவர் தருவார். சார்ஜ் ஏறாமல் வருடக்கணக்கில் கிடந்த ஈயப் பற்றரி பாரம் மட்டும்தான்.

100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 600 வாட் மணி. ஃபேன், லைட், போன் சார்ஜுக்கு இது தாராளம். 1,000 வாட் கேத்தலை இன்வேட்டரில் போட்டால் 12 வோல்ட்டில் 90 ஆம்பியர் அளவு இழுக்கும். அந்த மின்னோட்டத்துக்கு விரல் தடிப்பில் வயர் வேண்டும். தேநீருக்கு அடுப்பே போதும்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரைப் போட வேண்டாம், அதிர்வில் உள்ளே முறியும். பல இழை வயர்தான். தடிப்பும் முக்கியம். பின்னால் இருக்கும் குளிர்பெட்டிக்கு 4 மீற்றர் தூரம், 5 ஆம்பியர் என்றால், 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் போகவரக் கிட்டத்தட்ட 1 வோல்ட் விழுந்துவிடும். பற்றரி நிறைந்திருந்தும் குளிர்பெட்டி தானாக நிற்கும், ஆட்கள் குளிர்பெட்டியைத் திட்டுவார்கள். 2.5 சதுர மில்லிமீற்றரில் இழப்பு கால் வோல்ட் சொச்சம்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. ஃபியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயரின் மறு முனையில் வைத்தால், நடுவில் தகர விளிம்பில் உரசிச் ஷோர்ட் ஆகும்போது ஃபியூஸுக்குத் தெரியாது, தீப்பிடிக்கும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள்.

சோலார் பனலில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் நிறுத்தினால் பற்றரி நிறையும், நீங்கள் வெந்துபோவீர்கள். நான் நிழலின் பக்கம். கூரையில் பூட்டாமல், நீள வயரோடு வெளியே எடுத்து வைக்கும் பனல் இருந்தால் இரண்டும் கிடைக்கும். ஒன்றிரண்டு இரவுக்கு ஒரு ரிஜிஃபோம் பெட்டியும் ஐஸும் குளிர்பெட்டியின் வேலையை மிகக் குறைந்த செலவில் செய்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

உயிர் போகும் இரண்டு தவறுகள்

நிறுத்திய வேனில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவது. புகையில் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எஞ்சின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற வேனில் இதைச் செய்யவே கூடாது.

மற்றது, மூடிய வேனுக்குள் சமைப்பது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் தளத்தில், அதாவது உங்கள் மெத்தை மட்டத்தில் தேங்கி நிற்கும். அடுப்பைப் பின்கதவுக்குக் கீழே வையுங்கள். மேல்நோக்கித் திறக்கும் கதவே கூரையாகிவிடும், மழையிலும் ஒரு கோப்பி போடலாம். சிலிண்டரைத் தூங்கும் இடத்தில் வைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்னத் தீயணைப்பான் இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது

முதல் இரவை வீட்டு வாசலிலேயே தூங்கிப் பார்ப்பவர்கள் புத்திசாலிகள், எது குறைகிறது என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். அடுத்தது நீர்கொழும்பு போலப் பக்கத்தில் ஓர் இடம், தெரிந்தவர் வளவு அல்லது விடுதி முற்றம், கழிப்பறை வசதியோடு. நுவரெலியாவுக்குப் போகும்போது கம்பளி எடுங்கள். கொழும்பு வெக்கையை நினைத்து மெல்லிய போர்வையோடு போய்விடாதீர்கள், தை மாதத்து இரவில் அங்கே வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கும்.

புத்தல - கதிர்காமம் வீதியிலும் யால, உடவளவைப் பக்கமும் வீதியோரத்தில் நிறுத்தித் தூங்கவே வேண்டாம். அங்குள்ள யானைகளில் சில, வாகனங்களை மறித்துச் சாப்பாடு எடுத்துப் பழகியவை. பழமும் சோறும் உள்ளே இருக்கிறது என்று வாடை பிடித்தால், வேனின் தகரமும் கண்ணாடியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் முகாம் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்.