தாமிரக் கம்பிக்குள் எலக்ட்ரான் எவ்வளவு மெதுவாக நகர்கிறது: நீங்களே போட்டுப் பார்க்கும் கணக்கு

பவானிசாகரில் மதகைத் திறந்தால், சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். மின்சாரமும் சுவிட்சிலிருந்து புறப்பட்டு மோட்டார்வரை இப்படித்தான், ஆனால் மிக வேகமாக, ஓடிவருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் முதலில் விட வேண்டிய எண்ணம் இது. தோட்டத்தில் மண்ணுக்கடியில் பதித்து, எப்போதும் நீர் நிரம்பியிருக்கும் குழாய்தான் கம்பிக்குச் சரியான உவமை. கேட்வால்வைத் திறந்தவுடன் மறுமுனையில் கொட்டுவது, அங்கேயே நின்றிருந்த தண்ணீர்.

முதற்படியாக, கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணுவோம். தாமிரத்தில் அணுவுக்கு ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான் எந்த அணுவோடும் கட்டுப்படாமல் திரிகிறது. ஒரு கன மில்லிமீட்டருக்கு இது 8.5 × 10¹⁹ ஆகும்.

அடுத்து, மோட்டார் 5 ஆம்பியர் இழுப்பதாகவும், மின்னோட்டம் ஒரே திசையில் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். ஓர் ஆம்பியர் என்பது நொடிக்கு 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள். ஆகவே 5 ஆம்பியருக்கு 3.12 × 10¹⁹. இதை முதற்படியில் கண்ட எண்ணால் வகுத்தால் 0.37 வரும். அதாவது, 0.37 கன மில்லிமீட்டர் தாமிரத்தில் உள்ள எலக்ட்ரான்கள் நொடிதோறும் ஓரிடத்தைக் கடக்கின்றன.

மூன்றாவதாக, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பான 2.5 சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். விடை, நொடிக்குச் சுமார் 0.15 மில்லிமீட்டர். இதுவே இழுப்புத் திசைவேகம். ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், ஆயிரம் அடி போர்வெல்லின் அடிவரை இறங்க இருபது நாட்களுக்கு மேலும் ஆகும்!

எலக்ட்ரான்கள் சோம்பிக் கிடப்பதாக இதற்குப் பொருளில்லை. சுவிட்ச் போடுவதற்கு முன்பே அவை நொடிக்கு ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருப்பதால், ஒன்றின் நகர்வை மற்றொன்றின் நகர்வு ஈடுசெய்து, மொத்தத்தில் எந்தப் பக்கமும் ஓட்டம் இல்லாமற்போகிறது. சுவிட்சைப் போட்டதும் மின்புலம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் கம்பி நெடுகப் பரவி, எல்லா எலக்ட்ரான்களையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. மோட்டார் உடனே சுற்றத் தொடங்குவது இதனால்தான். தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் அதிரும் அணுக்களோடு மோதி, பெற்ற ஆற்றலை இழந்துகொண்டே இருக்கின்றன. அதிகப் பளு ஏற்றினால் கேபிள் சுடுவது அந்த ஆற்றலால்தான்.

நம் வீட்டிற்கு வருவதோ நொடிக்கு 50 சுற்று மாறும் மின்னோட்டம். அதில் எலக்ட்ரான் முன்னும் பின்னும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே அசைகிறது. சுவிட்சருகே இருப்பது மோட்டாருக்குப் பயணம் போவதே இல்லை.

பழகுவதற்கு, 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 8 ஆம்பியர் சென்றால் என்ன வேகம் என்று இதே முறையில் கணக்கிடுங்கள். மேலே கண்ட 0.15 மில்லிமீட்டரே மீண்டும் வரும், ஏனெனில் இரண்டிலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 ஆம்பியர்தான் செல்கிறது.