கேபினட்டின் காற்றோட்டத்தைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரே மாடல் கிராபிக்ஸ் கார்டு ஒரு கணினியில் 68 டிகிரியில் சத்தமே இல்லாமல் ஓடும். இன்னொன்றில் 83 டிகிரியைத் தொட்டு, ஹெட்போனையும் மீறிக் கேட்கிற அளவுக்கு இரையும். இரண்டு கார்டிலும் குறை ஒன்றும் இருக்காது. வித்தியாசமெல்லாம் அதைச் சுற்றியிருக்கிற பெட்டியில்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டில் மூன்று ஃபேன் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு நிறையவே அல்லாடி, ஒருவழியாகச் சூட்டைக் குறைத்த பிறகு இதை எழுதுகிறேன். இப்போதெல்லாம் எந்தக் கார்டு வாங்கலாம் என்று யார் கேட்டாலும், முதலில் கேபினட் எது என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். கார்டை ஸ்லாட்டில் மாட்டுவது, டிரைவர் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: காற்று எங்கிருந்து வருகிறது?

கேபினட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். மெஷ் (துளைகள் கொண்ட வலை) என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ என்றால், ஓரத்தில் இருக்கிற ஒடுக்கமான இடுக்கு வழியாகத்தான் ஃபேன்கள் காற்றை இழுக்க வேண்டும். உள்ளே எத்தனை ஃபேன் சேர்த்தாலும் அந்த இடுக்கு பெரிதாகப் போவதில்லை.

ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, கணினி ஓடும்போது முன்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தொளதொளவென்று கீழே விழுந்தால் காற்று போதவில்லை, அல்லது தூசி வடிகட்டி அடைத்திருக்கிறது. முதலில் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று சந்தேகம் வந்தால், மோட்டாரைத் தாங்குகிற கம்பிகள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறுகிற பக்கம்.

படி 2: பக்கக் கதவைத் திறந்து ஒரு சோதனை

இப்போது கையில் ஏதாவது ஒரு கார்டு இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கேபினட் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது. யோசனை எளிமையானது: கதவு மூடியிருக்கும்போது ஒரு அளவு, திறந்திருக்கும்போது ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கேபினட் செய்கிற கெடுதல்.

ஆனால் அப்படியே செய்தால் பெரும்பாலும் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். நான் அதிக நேரம் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். காரணம், கார்டின் ஃபேன் தானியங்கியாக ஓடுகிறது. கதவை மூடினால் சூடு ஏறப் பார்க்கும். உடனே ஃபேன் வேகமெடுத்து அதைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். வெப்பநிலை மாறவே மாறாது, இரைச்சல் மட்டும் கூடும். அதனால் முதலில் ஃபேன் வேகத்தைப் பூட்ட வேண்டும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து, கார்டின் ஃபேனைத் தானியங்கியிலிருந்து விடுவித்து, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். கேபினட் ஃபேன்களையும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) போய் ஒரே வேகத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமில், ஒரே இடத்தில் அசையாமல் நின்றபடி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் வேண்டாம். எந்த கேமும் தராத சுமையை அது தருகிறது. அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. வெப்பநிலைகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) வெப்பநிலை, ஹாட் ஸ்பாட் (அந்தச் சிப்பின் மிகச் சூடான இடம்), மெமரி வெப்பநிலை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றி, அதே அறையில், அதே வேளையில் மறுபடி ஓடவிட்டுக் குறியுங்கள்.

வித்தியாசம் 2, 3 டிகிரி என்றால் கேபினட் நன்றாக இருக்கிறது. 5, 6 என்றால் சமாளிக்கலாம். 10 டிகிரியைத் தாண்டினால் இதைவிட அதிக வாட் இழுக்கும் கார்டை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இது என் கணக்கு, ஆய்வுக்கூடத் தரம் கிடையாது. ஆனால் கடைசியில் நடப்பதோடு ஒத்துப்போகிறது.

இன்னொரு முறையும் ஓட்டுங்கள்: பக்கக் கதவை மூடிவிட்டு, முன்பக்கப் பலகையை மட்டும் கழற்றி. அப்போது சூடு நன்றாக இறங்கினால், குறை காற்று உள்ளே வருவதில் இருக்கிறது. இறங்கவே இல்லை, ஆனால் பக்கக் கதவைத் திறந்தால் இறங்குகிறது என்றால், கார்டுக்குக் கீழே இடம் போதவில்லை அல்லது சூடான காற்று வெளியே போகவில்லை. இந்த ஒரு விடை தெரிந்தால் படி 4, படி 5 இரண்டும் சுலபமாகிவிடும்.

படி 3: வாட் கணக்கு

கார்டு இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் 250. ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304. ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்றே 575 வாட். இதோடு பிராசசர் சூடும் சேரும்.

300 வாட் சூட்டை, உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகும்படி வெளியேற்ற வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 53 கன அடி காற்று ஓட வேண்டும். ஒரு நல்ல 120 மி.மீ. ஃபேனின் பெட்டியிலேயே ஏறக்குறைய அந்த எண்தான் போட்டிருக்கும். ஆனால் அது எதிரே தடையே இல்லாதபோது கிடைப்பது. வடிகட்டி, மெஷ், கேபிள் எல்லாம் குறுக்கே வந்தால் அதில் கணிசமான பங்கு போய்விடும். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இன்னும் குறையும்.

இதை வைத்து நான் பின்பற்றுகிற வரம்பு: முன்பக்கம் மூடிய கேபினட், இரண்டு ஃபேன் என்றால் 200 வாட்டுக்குள் நிற்பது நல்லது. மெஷ் முன்பக்கம், உள்ளே இழுக்க இரண்டு அல்லது மூன்று ஃபேன், பின்னால் ஒன்று என்றால் 300 வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் போகிறவர்கள் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் கேபினட்டுக்குக் கொடுங்கள்.

படி 4: மூன்று அளவுகள்

நீளத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் கேபினட் விவரக்குறிப்பில் இருக்கிற நீளம் பல நேரங்களில் முன்னால் ரேடியேட்டர் (பிராசசரின் லிக்விட் கூலருடைய பாகம்) இல்லாதபோது கிடைக்கும் நீளம். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன் ஃபேன் 25 மி.மீ.; மொத்தம் 52 மி.மீ. போய்விடும்.

உயரம், அதாவது மதர்போர்டிலிருந்து பக்கக் கண்ணாடியை நோக்கி நீளும் அளவு. பவர் கேபிள் இந்தப் பக்கம்தான் செருகப்படுகிறது. புதிய 16 முனை கனெக்டர் என்றால், செருகிய இடத்திலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காமல் விட இடம் வேண்டும். கண்ணாடி கேபிளை அழுத்தும்படி மூட வேண்டாம்.

மூன்றாவது தடிமன். காற்றோட்டத்தைப் பொறுத்தவரை மற்ற இரண்டையும்விட இதுதான் முக்கியம். ஒரு ஸ்லாட்டின் இடைவெளி 20.32 மி.மீ. எனவே மூன்று ஸ்லாட் கார்டு என்றால் சுமார் 60 மி.மீ. தடிமன். கார்டு உட்காரப் போகிற ஸ்லாட்டின் பின்பக்கத் தகட்டின் மேல் விளிம்பிலிருந்து, கீழே பவர் சப்ளையை மூடியிருக்கும் தட்டு வரை ஸ்கேல் வைத்து அளங்கள். அதில் கார்டின் தடிமனைக் கழியுங்கள். 100 மி.மீ. இருந்து, கார்டு 60 என்றால், மிச்சம் 40. எனக்கு அது போதும். 20க்குக் கீழே இறங்கினால், அந்த ஃபேன்கள் இழுக்கக் காற்றே இருக்காது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சிறிய கேபினட்டில் இது அடிக்கடி நடக்கும். அங்கே பெரிய மூன்று ஸ்லாட் கூலரைவிட, அதே சிப் போட்ட இரண்டு ஸ்லாட் கார்டு நன்றாக ஓட வாய்ப்புண்டு.

படி 5: கூலர் எப்படி ஊதுகிறது?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான கார்டுகள் திறந்த கூலர் வகை. கீழிருந்து காற்றை இழுத்து, ஹீட்சிங்க்கில் (சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளில்) அடித்து, கேபினட்டுக்குள்ளேயே விட்டுவிடும். கார்டின் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள்: தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால், சூடான காற்று மதர்போர்டு பக்கமும் கண்ணாடிப் பக்கமும் வெளியேறும். பின்னால், மேலே வெளியேற்றும் ஃபேன் இல்லாமல் இதை வைத்தால் அதே சூட்டைத் திரும்பத் திரும்ப இழுக்கும்.

புளோயர் வகை ஒரே ஃபேனால் காற்றை இழுத்துப் பின்பக்கத் தகடு வழியாக நேரே வெளியே தள்ளும். இரைச்சல் அதிகம். வெளியேற்றும் ஃபேனுக்கே இடமில்லாத நெருக்கமான கேபினட்டுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. சர்க்யூட் போர்டு குட்டையாக இருக்கும், கடைசி ஃபேனுக்கு மேலே பின்தகட்டில் திறப்பு இருக்கும். காற்று கார்டை ஊடுருவி மேலே போய்விடும். 2020இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 ஃபவுண்டர்ஸ் எடிஷனில் இது பேசப்பட்டது, இப்போது பல நிறுவனங்களின் கார்டுகளிலும் இருக்கிறது. முன்னாலிருந்து பின்னாலும் மேலேயும் காற்று போகிற சாதாரண டவர் கேபினட்டுக்கு மிகவும் பொருத்தம். விலை கொஞ்சம் கூடினாலும் இதையே எடுங்கள்.

படி 6: மாட்டிய பிறகு

சரி, கார்டு வந்துவிட்டது. இன்னொரு வேலை பாக்கி. பல மதர்போர்டுகளில் கேபினட் ஃபேன்கள் பிராசசரின் வெப்பநிலையைப் பார்த்தே ஓடும்படி வைத்திருப்பார்கள். கேம் ஓடும்போது பிராசசர் 60 டிகிரியில் நிம்மதியாக இருக்கும், கார்டு வெந்துகொண்டிருக்கும், கேபினட் ஃபேன்கள் எதுவும் தெரியாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். மதர்போர்டோடு வருகிற கனமான மென்பொருள்களைவிட இது எவ்வளவோ மேல். முன்பக்க ஃபேன்களை ஜிபியு வெப்பநிலையோடு இணைத்து, 50 டிகிரியில் மெதுவாகத் தொடங்கி 75 டிகிரியில் நல்ல வேகத்தை எட்டும்படி வளைவை வரையுங்கள். பின்பக்க ஃபேனுக்கு, பிராசசர், ஜிபியு இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம்.

அப்புறம் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 85 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதிலிருந்து

ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வைத்திருக்கும் ஒருவர் ஹாட் ஸ்பாட் எண்ணே வரவில்லை என்றார். அந்த வரிசையில் அது காட்டப்படுவதில்லை. மெமரி வெப்பநிலையை வைத்து ஒப்பிடுங்கள்.

மேலே மூன்று ஃபேன் போட்டும் சூடு குறையவில்லை என்றார் இன்னொருவர். மேல்பக்கத்தில் முன்னால் இருக்கிற ஃபேன், உள்ளே வந்த புதுக்காற்றைக் கார்டுக்கும் பிராசசருக்கும் போவதற்கு முன்பே வெளியே உறிஞ்சிவிடும். அதைக் கழற்றிவிட்டு, பின்னால் இருப்பதை மட்டும் வைத்துப் பாருங்கள்.

கார்டைச் செங்குத்தாக மாட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் இடையே எத்தனை மி.மீ. மிஞ்சுகிறது என்று படி 4இல் செய்தது போலவே அளந்து பாருங்கள். அங்கேயும் 20க்குக் கீழே வந்தால் வழக்கம்போல் படுக்கையாகவே விட்டுவிடுங்கள்.