குளிர்காலத்தில் படகிலிருந்து கிராப்பி பிடிப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். நவம்பர் பிறந்ததும் தூண்டிலைக் கார் ஷெட்டில் சாத்திவிடுவார்கள். "குளிரில் மீன் எங்கே கடிக்கப் போகிறது?" என்பது அவர்கள் கேள்வி. கிராப்பி விஷயத்தில் அது சரியில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த மீன் ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும், அதிகம் நகராது. இடம் தெரிந்துவிட்டால் ஒரே மரத்தடியில் பத்துப் பதினைந்து மீன் கிடைக்கும். ஆனால் கரையிலிருந்து எட்டாத ஆழத்தில் நிற்கும். அதனால்தான் படகு.

நான் போவது லேக் ஃபோர்க். டாலஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். சபீன் ஆற்றில் சேரும் ஓடை ஒன்றை மறித்து 1980இல் நீர் தேக்கிய ஏரி. மரங்கள் பலவற்றை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். அந்த மரங்கள்தான் இன்றைக்குக் கிராப்பியின் வீடு. கீழே சொல்வதெல்லாம் அந்த ஏரியை மனதில் வைத்துச் சொல்வது. மரமோ பாலத் தூணோ இருக்கும் ஆழமான ஏரி எதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் ஜிலேபிக் கெண்டையை இன்னும் கொஞ்சம் தட்டையாக்கி, வெள்ளி பூசி, கறுப்புப் புள்ளி தெளித்தாற்போல் இருக்கும். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இரண்டு இனம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இடத்துக்கு இடம் மாறும். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு. வழக்கமாக 10 முதல் 12 அங்குலம் வரும். வெள்ளைக் கிராப்பியில் உலக சாதனை 1957இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் ஏரியில் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன். லூசியானாவில் இதைப் பிரெஞ்சில் 'சாக்-அ-லே', அதாவது 'பால் பை' என்று கூப்பிடுகிறார்கள். சமைத்த பிறகு அதன் சதையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

இந்த மீனிடம் இரண்டு உறுப்புகளை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று வாய்: உதட்டோரத் தோல் காகிதம் போல மெலிதானது, வேகமாகச் சுண்டினால் கிழிந்துவிடும். இன்னொன்று கண்: தலையில் மேலாக அமைந்திருக்கும், மேலே வருவதைப் பார்க்கத் தோதானது. இரை தனக்கு மேலே இருந்தால் எழும்பி வந்து எடுக்கும். கீழே இருந்தால் பெரும்பாலும் கவனிக்காது.

இந்த இரண்டாவது விஷயம் தெரியாததால் என் முதல் குளிர்காலம் முழுக்க வீணானது. மீன் 24 அடியில் நிற்பது சோனார் (ஒலி அலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் கருவி) திரையில் தெரிந்தது. நான் தரைவரை இரையை இறக்கிவிட்டு, அங்கிருந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை மீனுக்கும் கீழே என் இரை. நாலு முறை போயும் மொத்தமாக இரண்டே மீன்.

படி 1: உரிமம், விதி

டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலத்தின் பொது விதிப்படி கிராப்பி 10 அங்குலமாவது இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25. லேக் ஃபோர்க்கில் குளிர்காலத்துக்கு மட்டும் இது தலைகீழ். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை அளவு வரம்பு கிடையாது, பிடித்த கிராப்பி எதையும் திரும்ப விடக் கூடாது. சின்னதோ பெரியதோ, 25இல் ஒன்றாகக் கணக்கு. காரணத்தைக் கடைசிப் படியில் விரிவாகச் சொல்கிறேன். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: உயிர் முதலில்

குளிர்கால ஏரியில் விழுந்தால் நீச்சல் தெரிவது மட்டும் போதாது. இங்கே படகுப் பாதுகாப்பில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித்தருவார்கள். குளிர்நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கு லைஃப் ஜாக்கெட் போட்டவர்களுக்கு மட்டுமே உதவும். ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்தால் முதல் நிமிடத்திலேயே முடிந்துபோகலாம். கரையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், கரை வந்த பிறகு கழற்றுங்கள்.

26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் வேகமாக ஓடும்போது, ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் வாரை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் மத்தியச் சட்டம். லேக் ஃபோர்க்கில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே அடிமரங்கள் உண்டு. குறியிட்ட படகுத் தடத்தை விட்டு விலகினால் மெதுவாகப் போங்கள். எந்த ஏரிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 3: சாமான்

அதிகம் தேவையில்லை. 10 அடி நீளத்தில் மெல்லிய, நுனி வளையும் கோல் ஒன்று, சின்ன ரீல், 6 பவுண்டு கனம் தாங்கும் தூண்டில் நரம்பு. 1/16 அவுன்ஸ் ஜிக் சில, காற்றடிக்கும் நாளுக்கு 1/8 அவுன்ஸ் சில. ஜிக் என்பது முள்ளின் தலையில் ஈயக்குண்டு வார்த்தது. அதில் 2 அங்குல ரப்பர் இரையைக் கோத்துக்கொள்ளலாம். வெள்ளையும் இளம் பச்சையும் கலந்தது ஒன்று, கறுப்பு கலந்தது ஒன்று இருந்தால் போதும். நிறத்துக்குச் செலவழிக்கும் நேரத்தை ஆழத்தைச் சரிபார்க்கச் செலவழியுங்கள்.

முள் மெல்லிய கம்பியில் செய்ததாக இருக்கட்டும். மரத்தில் சிக்கினால் நிதானமாக இழுக்கும்போது முள் வளைந்து வெளியே வந்துவிடும், கையால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள் என்றால் நரம்புதான் அறும்.

குளிர் கடுமையான நாளில் ரப்பரை விட உயிருள்ள குஞ்சு மீன் நன்றாக வேலை செய்யும். தூண்டில் கடைகளில் மின்னோ என்று கேளுங்கள். இரண்டு உதடும் சேர முள்ளில் குத்தி, ஒரு முழத்துக்கு மேலே நரம்பில் சின்ன ஈயக்குண்டு ஒன்றை அழுத்திப் பொருத்திவிடுங்கள்.

படி 4: மீன் நிற்கும் இடம்

கோடையில் ஏரியின் அடிநீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலப்பதில்லை. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்போது ஏரி முழுக்க ஒன்றாகக் கலக்கிறது. ஆழமெல்லாம் மறுபடி மீனுக்கு உகந்த இடமாகிறது. ஷாட் என்னும் சிறுமீன் கூட்டம் கீழே இறங்கும், கிராப்பியும் பின்னாலேயே போகும்.

அப்படியானால் எங்கே தேடுவது? ஏரி கட்டுவதற்கு முன் ஓடிய ஓடையின் பழைய தடத்தை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். அந்தத் தடத்தின் ஓரமாக, 25 முதல் 45 அடி ஆழத்தில் நிற்கும் மரங்கள்தான் முதல் இலக்கு. இரண்டு ஓடைகள் சேரும் முனை இருந்தால் இன்னும் நல்லது. மரங்களுக்கு நடுவே படகு ஓட்டப் பயமாக இருந்தால் பாலத் தூண்களில் தொடங்குங்கள். லேக் ஃபோர்க்கில் 154ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலமும் 515ஆம் எண் சாலைப் பாலமும் புதியவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம்.

சோனார் திரையில் மரமும் மீனும் சேர்ந்து எப்படித் தெரியும் என்றால், கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்குத் தொங்கவிட்டது போல. நடுவில் நெட்டுக்கோடு, சுற்றிலும் புள்ளி புள்ளியாக மீன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சோனார் அலை கீழே போகப் போகக் கூம்பாக விரியும். 20 டிகிரிக் கூம்பு 30 அடி ஆழத்தில் ஏறத்தாழ 10 அடி அகலத்தைக் காட்டும். திரையில் மீன் தெரிவதால் அது உங்கள் கோலுக்கு நேர் கீழே இருக்கிறது என்று பொருளில்லை. மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் இறக்கிப் பாருங்கள். 2018இல் வந்த கார்மின் லைவ்ஸ்கோப் போன்ற நேரலைச் சோனார்களில் மீன் இரையை நோக்கி வருவதே தெரியும். அவை விலை அதிகம். பழைய சோனாரிலேயே தொடங்குங்கள். ஆழத்தை மனதில் கணிக்கும் பழக்கம் அதில்தான் வரும்.

பொதுவாக வெயில் நாளில் மீன் மரத்தை ஒட்டி நெருக்கமாக நிற்கும், மேகமூட்டத்தில் கொஞ்சம் பரவும். வாடைக்காற்று புதிதாக வந்து இறங்கிய நாளில் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் வானிலை மாறாமல் இருந்தபின் போங்கள். விடியற்காலையில் நடுங்கத் தேவையில்லை, பத்து மணிக்குப் போனாலும் போதும்.

படி 5: படகை நிறுத்துதல்

மரத்துக்குக் காற்றின் எதிர்ப்பக்கமாக நெருங்கி வாருங்கள். ட்ரோலிங் மோட்டாரில் (படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின்மோட்டார்) ஜிபிஎஸ் நங்கூரம், அதாவது படகைத் தானே அதே இடத்தில் நிறுத்திவைக்கும் வசதி, இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தலை தெரியும் மரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். மீன் நிற்கும் மரத்தின் மேல் இரும்பு நங்கூரத்தைப் போடாதீர்கள், கூட்டம் கலைந்துவிடும்.

படி 6: இறக்குதல்

இதுதான் முக்கியமான படி. 24 அடியில் மீன் தெரிகிறது என்று வையுங்கள். நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட 6 அடி. அந்த அளவு இங்கே அருமையாக உதவுகிறது. வீட்டிலேயே உங்கள் கைவிரிப்பை டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோலை எந்த உயரத்தில் பிடிக்கப் போகிறீர்களோ அந்த உயரத்தில் வைத்து, ஜிக் நீரைத் தொடும்வரை நரம்பை விடுங்கள். கணக்கு அங்கிருந்துதான். 24 அடி என்றால் நாலு பாகம். அதில் ஒரு முழம் குறைத்து இறக்குங்கள். இரை மீனின் தலைக்கு ஒன்றரை அடி மேலே நிற்கும். அந்த இடத்தில் நரம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை அளக்க வேண்டாம்.

அப்புறம், அசைக்காதீர்கள். குளிர்நீரில் மீனின் உடலே மந்தமாகத்தான் இயங்கும், இரையைத் துரத்தாது. கை இயல்பாக நடுங்கும் அசைவே போதும். நீருக்குள் ஜிக் கிடைமட்டமாக, நீந்தும் மீன் போலத் தொங்க வேண்டும். முடிச்சு முள்ளின் வளையத்தில் முன்னே நழுவியிருந்தால் ஜிக் செங்குத்தாகத் தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சைச் சரிசெய்யுங்கள். அரை நிமிடம் பொறுத்தும் ஒன்றும் இல்லையென்றால் ஓரடி மேலே தூக்கி மறுபடி நிறுத்துங்கள். ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம். கடிக்காவிட்டால் அடுத்த மரம்.

படி 7: கடி

குளிர்காலக் கடி மிக மெதுவானது. நாலு விதமாகத் தெரியும்: நுனியில் சின்னத் தட்டு, நரம்பு பக்கவாட்டில் நகர்வது, கோல் திடீரென்று கனப்பது, நரம்பு தளர்வது. கடைசியாகச் சொன்னதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். மீன் இரையைக் கவ்வியபடி மேலே எழும்பும்போது ஈயத்தின் கனம் நரம்பிலிருந்து போய்விடும். ஜிக் கனம் இல்லை என்று தோன்றினாலே மீன்தான்.

சுண்டாதீர்கள். மணிக்கட்டால் மெல்லத் தூக்கினால் போதும். நரம்பை ஒரே சீராகச் சுற்றி, நீர்மட்டத்துக்கு வந்ததும் கைவலையில் ஏந்துங்கள். கோலால் படகுக்குள் தூக்கினால் பாதி மீன் உதடு கிழிந்து விழும்.

படி 8: எத்தனை போதும்

லேக் ஃபோர்க் விதியின் காரணத்துக்கு வருகிறேன். கிராப்பியின் வயிற்றுக்குள் மிதப்புக்காகக் காற்றுப்பை உண்டு. அதிலுள்ள காற்றை அதனால் வாய்வழியே சட்டென்று வெளிவிட முடியாது. நன்னீரில் 34 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்தால் பையிலுள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். கண் பிதுங்கும், வயிறு உப்பும். திரும்ப விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். நீந்திப் போவது போலத் தெரிந்த மீனும் பிறகு சாகலாம்.

அதனால் ஆழத்தில் பிடித்துவிட்டு, சின்னதை விட்டுப் பெரியதைத் தேடும் பழக்கம் இங்கே வேண்டாம். வேறு ஏரியில், அளவு வரம்பு உள்ள இடத்தில், ஆழத்திலிருந்து வரிசையாகச் சின்ன மீன் வந்தால் அந்த மரத்தை விட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குத் தேவையான எண்ணிக்கையைப் படகு ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டுக்கு 12 போதும். பன்னிரண்டாவது மீன் வந்ததும், கடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கோலை மடக்கிவிடுவேன்.

பிடித்ததும் ஐஸ் பெட்டியில் போடுங்கள். குளிர்தானே என்று வாளியில் விட்டால் சதை தளர்ந்துவிடும். இந்தச் சதை மென்மையானது, புளிக்குழம்பில் கொதித்தால் உதிர்ந்துபோகும். முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் சதையை அறுத்தெடுத்து, தோலை நீக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். அரிசி மாவில் புரட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள்.