கேலக்ஸிக் கொத்துகளில் ஆதிச் சுவடு: எஃப்என்எல் தேடலில் வழுக்கும் இடங்கள்

பிரபஞ்சம் பிறந்த கணத்தில் தோன்றிய ஏற்ற இறக்கங்கள் கச்சிதமான மணிவடிவப் பரவலில், அதாவது காஸியனாக, இருந்தனவா? எவ்வளவு விலகின என்பதை எஃப்என்எல் என்ற ஓர் எண்ணால் குறிப்பார்கள். அதன் மதிப்பு 100 என்றாலே பெரிய கோணல் என்று நினைத்துவிட வேண்டாம். ஆதி ஏற்ற இறக்கங்களே லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், அப்போதும் விலகல் ஆயிரத்தில் ஒன்றுதான்.

பலரும் முதலில் சறுக்குவது இங்கே: இன்றைய கேலக்ஸி வரைபடம் காஸியனாக இல்லை, ஆகவே ஆதியும் அப்படித்தான் என்ற முடிவு. காலியிடத்தில் அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது; கொத்துகளிலோ சராசரியைப்போலப் பல நூறு மடங்கு ஏறும். சுத்தமான காஸியனில் தொடங்கினாலும் ஈர்ப்பு இந்தக் கோணலை உண்டாக்கிவிடும்.

பிறகு எப்படிப் பிரித்தறிவது? 2008இல் நீல் டலால் குழுவினர் ஒரு வழி காட்டினார்கள். கடலில் நீண்ட அலையின் முதுகில் சிற்றலைகள் ஓடுவதாக வையுங்கள். குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டும் சிற்றலையே, கேலக்ஸிகளைத் தாங்கும் ஒளிராத இருண்ட பொருளின் திரளாகிறது. காஸியன் உலகில் நீண்ட அலை சிற்றலையைத் தூக்கிவிடும், அவ்வளவுதான். எஃப்என்எல் இருந்தால் சிற்றலையின் வீச்சையே அது மாற்றும். இந்த மாற்றம் அடர்த்தியை அல்ல, ஈர்ப்பின் நிலையாற்றலைச் (பொட்டென்ஷியல்) சார்ந்தது. அதனால் மிகப் பெரிய தூரங்களில் அலைநீளம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்காகிறது. ஆனால் இது, நீண்ட அலை சிற்றலையின் வீச்சை மாற்றும் ‘உள்ளிட’ வகைக்கு மட்டும். ஏறக்குறைய ஒரே நீள அலைகள் பிணையும் ‘சமபக்க’ வகையில் இந்த எழுச்சி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது.

என் கணக்கில் மிக ஆபத்தான தவறு, பெரிய தூரங்களில் கூடுதல் கொத்தல் (கேலக்ஸிகள் கொத்தாகக் கூடுவது) தெரிந்தவுடன் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளுவது. நம் பால்வெளியின் தூசியும் விண்மீன்களும் வானம் முழுக்க மெதுவாகக் கூடிக் குறைகின்றன. தூசி மறைத்த பக்கம் கேலக்ஸிகள் குறைவாகத் தெரியும். விண்மீன்கள் நிறைந்த பக்கம் சில விண்மீன்கள் குவாசார் (தொலைதூரக் கேலக்ஸியின் மிகப் பிரகாசமான மையம்) வேஷத்தில் பட்டியலுக்குள் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து அச்சு அசல் எஃப்என்எல் போலவே காட்டும். வானத்தை வரைபடமாக்கிய ஸ்லோன் ஆய்வில் நிறத்தை வைத்துத் தேர்ந்த குவாசார்களில் தெரிந்த கூடுதல் கொத்தல் இப்படிப்பட்ட மாசுதான் என்று 2013இல் காட்டப்பட்டது. சரி, மாசைத் துடைத்துவிடலாமே என்றால் அங்கும் ஒரு குழி: அளவுக்கு மீறித் துடைத்தால் உண்மையான சுவடும் சேர்ந்து போய்விடும்.

கேலக்ஸிகளை இன்னும் கோடிக்கணக்கில் எண்ணினால் போதும் என்பதும் சரியல்ல. பார்க்கக் கிடைப்பது ஒரே வானம். அதில் நீண்ட அலைகள் சிலவே. வெவ்வேறு அளவில் கொத்தும் இரு வகைப் பொருள்களை ஒரே பரப்பில் ஒப்பிட்டால் இந்தத் தடையைக் கணிசமாகத் தாண்டலாம் என்று 2009இல் ஊரோஷ் செல்யாக் சொன்னார். அப்புறம், அளவிடுவது எஃப்என்எல்லை மட்டுமல்ல. அந்தக் கேலக்ஸிகள் ஆதி மாற்றத்துக்கு எவ்வளவு அசைந்து கொடுக்கும் என்ற இன்னொரு எண்ணோடு பெருக்கிய தொகையே கையில் கிடைக்கிறது. அந்த எண்ணைப் பாடநூல் சூத்திரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் முடிவும் ஆட்டம் காணும்.

முடிவுகளை ஒப்பிடும்போது எஃப்என்எல்லை எந்த மரபில் வரையறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நுண்ணலைப் பின்னணி (ஆதிப் பிரபஞ்சத்தின் எஞ்சிய ஒளி) ஆய்வாளர்களின் எஃப்என்எல்லுக்கும், பழைய கேலக்ஸிக் கட்டுரைகள் சிலவற்றின் எஃப்என்எல்லுக்கும் சுமார் 1.3 மடங்கு வேறுபாடு உண்டு.

நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் −0.9 ± 5.1 என்ற எஃப்என்எல் அளவைப் ‘பூஜ்யம் நிரூபணம்’ என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அண்டப் பெருக்கத்தை, அதாவது ஆதியில் பிரபஞ்சம் அதிவேகமாக விரிந்ததை, ஒரே ஒரு புலம் நடத்தியது என்ற கோட்பாடு எதிர்பார்ப்பது நூறில் ஒரு பங்கு போன்ற மதிப்பு. பல புலங்கள் இருந்தால் 1 அளவில் வரலாம். அந்த 1-ஐத் தொடத்தான் 2025 மார்ச்சில் ஸ்பியர்எக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. அந்த நுட்பத்துக்குப் போனால், கேலக்ஸி ஒளி நம்மிடம் வரும் வழியில் பொதுச் சார்பியல் செய்யும் திருத்தங்களே ஏறக்குறைய 1 அளவு எஃப்என்எல் போல வேஷம் போடும்.