0 காணாமல் போகிறதா? ?? குறியைப் பயன்படுத்துங்கள்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் மதிப்பு இல்லாத மாறிக்கு இயல்பு மதிப்பு கொடுக்கப் பலரும் || குறியையே எழுதுகிறார்கள். கவனம்! அது 0, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), ஃபால்ஸ் (false) ஆகியவற்றையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். பயனர் ஒலி அளவை 0 என்று வைத்திருப்பார். நிரலோ அதை ஒதுக்கிவிட்டு, இயல்பு மதிப்பான 50 ஆக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

2020-இல் அம்மொழியில் சேர்ந்த ?? குறியோ, மதிப்பே இல்லை என்பதைக் காட்டும் ‘நல்’ (null), ‘அன்டிஃபைன்ட்’ (undefined) ஆகிய இரண்டுக்கு மட்டுமே மாற்று மதிப்பைத் தரும். 0 அப்படியே நிற்கும். (இரு குறிகளையும் ஒரே கோவையில் கலந்தால் அடைப்புக்குறி கட்டாயம்.)

மதிப்பு இல்லாதபோது பயனருக்குச் செய்தி காட்டுவது, பதிவேட்டில் குறிப்பது போன்ற வேலைகள் இருந்தால் தயங்காமல் ‘இஃப்’ (if) கூற்றை எழுதுங்கள். அவற்றை ஒரே வரியில் திணித்தால் அடுத்து படிப்பவர் திணறுவார்.