போதை மாத்திரையால் ஒரு சாவு விழுந்தால்: விற்றவனைக் கோர்ட்டில் நிறுத்த முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்

ஆள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் இதைப் படிக்க வேண்டாம், உடனே 108க்குப் போன் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால், மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி அதிலேயே உயிர் போய்விடும். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தால் பெரும்பாலும் அது வலி மாத்திரை வகைப் போதை, அதை முறிக்க நலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது, அதனால் என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "தூங்குறான், விடியட்டும் பாத்துக்கலாம்" என்று விட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

இனி எழுதுவது அந்தக் கட்டம் தாண்டிப்போன குடும்பங்களுக்காக. நான் டெல்டாவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் எங்கள் பக்கம் கிராமம் வரை வந்துவிட்டது. "வித்தவனை உள்ள தள்ள முடியுமா சார்" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள், அதற்குள் பாதி வழக்கு சாம்பலோடு சேர்ந்து காவிரியில் கரைந்திருக்கும்.

முடியும். ஆனால் தானாக நடக்காது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் "விற்ற பொருளால் ஆள் இறந்தால் இத்தனை வருஷம்" என்று ஒரு பிரிவே கிடையாது. அது எடையைப் பார்க்கிற சட்டம். கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, தண்டனை அந்தக் கணக்கில்தான் ஏறும். சாவு அந்தத் தராசில் ஏறாது. விற்றவனையும் சாவையும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவுக்குத்தான் போக வேண்டும், 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக இருப்பது அதுதான். அதில் நமக்கு வேண்டியது மூன்று பிரிவு. 105, கொலையாகாத மரணம் விளைவித்தல்: சாகக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் பத்து வருஷம் வரை. 106, கவனக்குறைவால் மரணம்: ஐந்து வருஷம் வரை. 123, கேடு வரும் என்று தெரிந்து மயக்க மருந்தையோ போதைப் பொருளையோ கொடுப்பது: இதுவும் பத்து வருஷம் வரை. இறந்தது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் சிறார் நீதிச் சட்டம் 77 சேரும், அதில் ஏழு வருஷம் வரை உண்டு. புகாரில் பிரிவு எண்ணை நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் அந்தப் பிரிவுகள் கேட்கிற விஷயம் அதில் இருந்தாக வேண்டும்.

அது என்ன விஷயம்? ரெண்டே கேள்விதான். அவனுக்குத் தெரியுமா, அவன் கொடுத்ததால்தான் செத்தானா.

இதில் இரண்டாவது கேள்விதான் வழக்கை உடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற பொருளால் சாவு நேர்ந்தால் குறைந்தது 20 வருஷம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, அங்கே கூட்டாட்சிச் சட்டத்தில் ஹெராயின் மாதிரிப் பொருட்களுக்கு அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 2014இல் பர்ரேஜ் என்பவரின் வழக்கில், பல போதைப் பொருள் கலந்து இறந்த ஆளின் சாவுக்கு "இதுவும் ஒரு காரணம்" என்றால் போதாது, இது இல்லையென்றால் செத்திருக்க மாட்டான் என்று காட்டு என்றது. இங்கிலாந்தில் கென்னடி வழக்கில் 2007இல் இன்னும் ஒரு படி போய், ஊசியைத் தயார் செய்து கையில் கொடுத்தவன் மேலிருந்த தண்டனையையே ரத்து செய்தார்கள், காரணம் குத்திக்கொண்டது செத்தவனே, விவரம் தெரிந்த பெரியவன், தன் விருப்பப்படி. நம் உச்ச நீதிமன்றமும் 1965இல் குர்பான் ஹுசேன் வழக்கில் கவனக்குறைவு மரணத்துக்கு நேரடிக் காரணம் வேண்டும், தூரத்துக் காரணம் போதாது என்று சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் "என் கட்சிக்காரர் வாயில் ஊட்டினாரா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் முதல் நாளே உங்களிடம் இருக்க வேண்டும்.

அதனால் ஊசியை யார் ஏற்றியது என்பதைக் கண்டுபிடியுங்கள். விற்றவனே நரம்பு பார்த்துக் குத்தியிருந்தால் வழக்கின் பலமே வேறு. வலது கைக்காரனுக்கு வலது முழங்கையிலேயே துளை இருந்தால் அதுவே ஒரு கேள்வி. சாராயம் குடித்துத் தள்ளாடுகிறவனிடம் விற்றானா, முன்னால் வேறொருவன் அதே சரக்கில் விழுந்தது அவனுக்குத் தெரியுமா, மயங்கியதும் 108க்குச் சொல்லாமல் இழுத்துப்போட்டுவிட்டு ஓடினானா, இதெல்லாம் "தெரிந்தே செய்தான்" என்பதற்கு ஆதாரம். "அவனாத்தானே போட்டுக்கிட்டான்" என்று ஸ்டேஷனில் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள், நியாய சன்ஹிதாவில் கொலையைச் சொல்கிற 101ஆம் பிரிவின் ஐந்தாவது விதிவிலக்கு பதினெட்டு வயது தாண்டியவரின் சம்மதம் கொலையைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும் என்றுதான் சொல்கிறது, சம்மதம் இருந்தாலே குற்றம் இல்லை என்று சொல்லவில்லை.

சரி, முதல் நாள். நம் பக்கம் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். வெளியே "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிடலாம், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும், மானம் போயிடும் என்று பெரியவர்கள் கையைப் பிடிப்பார்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம், ஆனால் கேட்காதீர்கள். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் எரித்தால் அதற்கப்புறம் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவுடன் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், போடுவார்கள், அதில் யார் கூட்டிவந்தது, என்ன சொல்லிச் சேர்த்தது என்று பதிவாகும், "வயலில் மயங்கி விழுந்தார்" என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். அப்புறம் போலீஸ் வந்து, பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194இல் சந்தேக மரணம் என்று போட்டுப் பிரேத விசாரணை நடத்துவார்கள். அங்கே ஒரு வரி வரும்: "இறப்பில் எங்களுக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை." பாடி சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லிக் கையெழுத்து கேட்பார்கள். நான் பார்த்த வழக்குகளில் அதிகம் செத்தது இந்த ஒரு வரியால்தான். சந்தேகம் இருக்கிறது, போதை மாத்திரை கொடுத்தவர் மேல் சந்தேகம், என்று உங்கள் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டருக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஒரு மனு கொடுங்கள், வெள்ளைத் தாளில் நாலு வரி போதும். உள்ளுறுப்பு, ரத்தம், சிறுநீர் மூன்றையும் ரசாயனப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும், ஊசித் துளைகளை எண்ணிப் பதிவு செய்து துளை இருக்கும் தோலையும் எடுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். ரத்தத்தில் எந்த மருந்து எவ்வளவு, கூடச் சாராயம் எவ்வளவு என்ற கணக்குதான் பின்னால் "இதனால்தான் செத்தான்" என்பதற்கு நிற்கும்.

வீட்டில் எதையும் துவைக்காதீர்கள், கூட்டாதீர்கள். கதிரறுக்கும் மிஷின் ஓட்டிய பையன் ஒருவன், மோட்டார் கொட்டகையில் கிடந்தான். அவன் அம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைத்து, காயவைத்து, நாலாக மடித்து மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்தார்கள். மேல் பையில் ஒரு மாத்திரை அட்டை, தகரத்தாள் கசங்கி, அச்சு முழுக்க உரிந்து, கடைசி மூன்று எழுத்து மட்டும் மிச்சம். "அழுக்காக் கெடந்துச்சு தம்பி, அப்படியே எப்படி வைக்கிறது" என்றார்கள். அந்த அட்டையில் போயிருந்தது பேட்ச் நம்பர். அது இருந்தால் எந்தக் கம்பெனி, எந்த மொத்த வியாபாரிக்கு அனுப்பியது, அவர் எந்தக் கடைக்கு பில் போட்டார் என்று மருந்து ஆய்வாளர் நூல் பிடித்தபடி போய்விடலாம். பைக்கில் வந்து விற்ற பையனுக்குப் பின்னால் இருக்கிற கடைக்காரரைப் பிடிக்க அதுதான் வழி. அட்டை, சிரிஞ்சு, கரைக்கப் பயன்படுத்திய பாட்டில் மூடி, எதுவானாலும் கையால் தொடாமல் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு போலீஸை எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்தின் பெயரைப் பொறுத்து சட்டமே மாறும். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மற்றபடி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை என்றால் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940. இதில் ஒரு சிக்கல் உண்டு: இந்தச் சட்டத்தின் கீழ் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மருந்து ஆய்வாளர்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆகவே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தனியாக ஒரு புகார் போகட்டும். அட்டவணை எச்1 மருந்துகளுக்குக் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எழுதிய பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

போனைப் பத்திரமாக வையுங்கள். பேட்டர்ன் தெரியாமல் பத்துமுறை போட்டுப் பார்ப்பது, கடையில் கொடுத்து உடைப்பது எல்லாம் வேண்டாம். அந்தப் பையன் வழக்கில் கை கொடுத்தது போன்கூட இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட். ஒன்றுவிட்ட ஒரு நாள் 300, 300, சனிக்கிழமையானால் 600, எல்லாம் ஒரே ஆளுக்கு, கடைசி 600 அவன் இறந்த அன்று சாயங்காலம். வாட்ஸ்அப் பேச்சைக் கோர்ட்டில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அது வக்கீல் வேலை. உங்கள் வேலை சி.சி.டி.வி.யைப் பற்றிச் சீக்கிரம் எழுதிக் கொடுப்பது, டீக்கடைக் கேமராவில் பழைய பதிவு சில வாரத்துக்குள் அழிந்துவிடும்.

கூடப் போன நண்பனை அடிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. அவன்தான் உங்கள் ஒரே சாட்சி. அவனும் போட்டிருப்பான், உபயோகித்ததற்குப் போதைப்பொருள் சட்டம் 27ஆம் பிரிவில் தன்னைப் பிடிப்பார்களோ என்று நடுங்கிக்கொண்டிருப்பான். அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது, அவன் வீட்டாரிடம் பேசி முதலில் சிகிச்சைக்கு அனுப்புங்கள், போதை மீட்பு உதவி எண் 14446இல் வழி சொல்வார்கள். பிறகு அவன் சொல்வதை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 183இன் கீழ் மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்யச் சொல்லி மனு போடுங்கள், போலீஸிடம் சொன்னதை மட்டும் நம்பினால் விசாரணையில் பிறழ்சாட்சியாகிவிடுவான். ஆளுக்கு நூறு போட்டு வாங்கப் போனவனையும் தொழிலாக விற்றவனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், அது நியாயமும் இல்லை, வழக்குக்கும் கெடுதல்.

புகாரைத் தேதிவாரியாக ரெண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஸ்டேஷனில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்று புகாரைப் பெற்றதற்கான ரசீது கொடுத்து அனுப்புவார்கள், அது எஃப்.ஐ.ஆர். இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு, அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புலனாகும் குற்றம், அதாவது வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். வாங்கியது காரைக்காலில், இறந்தது நாகூரில் என்றால் வாஞ்சூர் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைய விடுவார்கள். வேண்டாம். எல்லை பார்க்காமல் பதிவு செய்கிற ஜீரோ எஃப்.ஐ.ஆர். எந்த ஸ்டேஷனிலும் போடலாம், மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் குடித்து 65 பேருக்கு மேல் இறந்த பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2000இல் நடந்த கல்லுவாதுக்கல் சாராயச் சாவு வழக்கில் மணிச்சனுக்குக் கிடைத்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. அங்கே குடித்தவர்களுக்கு விஷம் என்று தெரியாது, அதனால் இணைப்பது எளிது. மாத்திரைக்கும் அப்படி ஒரு தனிப் பிரிவு வர வேண்டும் என்பது என் கருத்து, வரும்வரை இருக்கிற பிரிவுகளை வைத்துத்தான் போராட வேண்டும். "குண்டாஸில் போட்டாச்சு" என்று கேட்டதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அது அதிகபட்சம் பன்னிரண்டு மாதத் தடுப்புக் காவல், உங்கள் பிள்ளையின் சாவுக்கான தண்டனை இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் 15100க்குப் போன் போடுங்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துக்கொடுக்கும், இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். 90 நாளுக்குள் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். குற்றப்பத்திரிகை வந்ததும் 105 இருக்கிறதா, ரசாயன அறிக்கை சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கை மூடுகிறார்கள் என்றால் ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது வழக்கை முடிக்கிறோம் என்கிற அறிவிப்பு, வீட்டுக்கு வரும், புகார் கொடுத்தவரைக் கேட்காமல் கோர்ட் அதை ஏற்கக் கூடாது. கொண்டுவரும் ஏட்டு வாசலில் நின்று, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பார். பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதி, தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாளே ஆட்சேபணை மனுவுக்கு வக்கீலைப் பாருங்கள்.